நடுவழியில் இறக்க முடியுமா? ஜனாதிபதி முறையும் பாராளுமன்ற முறையும்

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: ஜனாதிபதி முறை, பாராளுமன்ற முறை இரண்டில் எது சிறந்தது? இலங்கையில் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழித்தால் தமிழருக்கு அது நன்மையா, தீமையா? உயர்தர வினாத்தாளுக்கு என்றால் பக்கத்துக்கு ஐந்து நன்மை, ஐந்து தீமை என்று எழுதிவிடலாம். புள்ளியும் விழும். ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு அப்படி எழுதுவது கொஞ்சம் வேடிக்கை. இரண்டு முறையையும் இந்த ஊரில் நடத்திப் பார்த்தாகிவிட்டது. 1948 இலிருந்து முப்பது வருடம் ஒன்று, 1978 இலிருந்து மற்றது. ஆகவே ஏட்டில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இங்கே நடந்ததைப் பற்றிக் கூடக் கதைக்கிறேன்.

பாராளுமன்ற முறையில் மக்கள் ஒரு தடவைதான் வாக்களிக்கிறார்கள். பாராளுமன்றத்தைத் தெரிகிறார்கள்; பாராளுமன்றம் அரசாங்கத்தைத் தெரிகிறது. சபையில் பெரும்பான்மை இருக்கும்வரை பிரதமர் இருப்பார், அது போன அன்று அவரும் போவார். இந்தியாவில் 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசாங்கம் 269க்கு 270 என்று ஒரே ஒரு வாக்கில் விழுந்தது நினைவிருக்கலாம். ஜனாதிபதி முறையில் மக்கள் இரண்டு தடவை வாக்களிக்கிறார்கள். ஜனாதிபதி வேறு, சட்டசபை வேறு. அமெரிக்காவில் ஜனாதிபதியால் காங்கிரஸைக் கலைக்க முடியாது. கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக காங்கிரஸாலும் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. குற்றப் பிரேரணை ஒன்றுதான் வழி. அன்ட்ரூ ஜோன்சன், கிளின்டன், இரண்டு தடவை ட்ரம்ப் என்று அந்த வழியில் போனவர்கள் எல்லோருமே செனற்றில் தப்பிவிட்டார்கள். நிக்சன் மட்டும் அது வருவதற்கு முன்னரே தானாக விலகினார்.

இந்த இரண்டில் இலங்கை எது என்று கேட்டால், இரண்டும் இல்லை. எங்கள் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிகிறார்கள். அவரே அமைச்சரவைக்குத் தலைவர். பிரதமரும் ஒருவர் இருக்கிறார். அமைச்சர்கள் பாராளுமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும். குறித்த காலம் கடந்த பிறகு ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைக்கலாம். ஜே.ஆர். ஜயவர்த்தன இதற்கு மாதிரியாகப் பார்த்தது டி கோல் 1958 இல் பிரான்சுக்குக் கொண்டுவந்த அரசியலமைப்பு. ஆனால் முழுவதையும் எடுக்கவில்லை. பிரான்சில் ஒருவர் அமைச்சரானால் பாராளுமன்ற ஆசனத்தை விட வேண்டும். அமெரிக்காவிலும் அப்படித்தான், செனற்றர் ஒருவர் அமைச்சராகப் போனால் செனற் பதவி போய்விடும். இங்கே மட்டும் நேரடியாகத் தெரிவான, அசைக்க முடியாத தலைவர் ஒரு பக்கம். அவர் கையால் அமைச்சுப் பதவி வாங்கக் காத்திருக்கும் உறுப்பினர்கள் மறு பக்கம். தன்னைக் கேள்வி கேட்க வேண்டிய சபையில் இருந்தே அவர் தன் ஆட்களைப் பொறுக்கி எடுக்கலாம். 2007 இல் மகிந்த ராஜபக்ச அமைச்சரவையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அமைச்சர்கள் இருந்தார்கள். எதிர்க்கட்சியிலிருந்து கூட்டமாகத் தாவி வந்தவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. பாடப்புத்தகத்தில் 'அரை ஜனாதிபதி முறை' என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயரில் திருப்தி இல்லை. அதிகாரத்தில் அரை எதுவும் இல்லை, கட்டுப்பாட்டில்தான் அரை.

சரி, வேறுபாடு வாழ்க்கையில் எங்கே உறைக்கும் என்று பார்க்க 2022 ஐ விட நல்ல வருடம் இல்லை. ஒரே வருடத்தில் இலண்டனிலும் கொழும்பிலும் ஏறக்குறைய ஒரே தலைவலி.

கோட்டாபய ராஜபக்ச 2019 நவம்பரில் வந்தார். அடுத்த மாதமே வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார். 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. 2022 மார்ச் முடிவில் மிரிஹானையில் அவர் வீட்டு வாசலில் மக்கள் கூடினார்கள். ஏப்ரல் 3 இரவு, பிரதமர் தவிர்ந்த அமைச்சரவை முழுவதும் இராஜினாமா செய்தது. ஏப்ரல் 9 இல் காலி முகத்திடல் போராட்டம் தொடங்கியது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. மே 9 இல் போராட்டக்காரர் மீது தாக்குதல், பதிலுக்கு நாடெங்கும் வீடுகள் எரிந்தன, ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார், மகிந்த பிரதமர் பதவியை விட்டார். ஜனாதிபதி போகவில்லை. மே 17 இல் அவர் மீதான அதிருப்தியை விவாதிக்க நிலையியற் கட்டளைகளை, அதாவது சபையின் நடைமுறை விதிகளை, இடைநிறுத்தும்படி தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன் கொண்டுவந்த பிரேரணை 68க்கு 119 என்று தோற்றது. வென்றிருந்தாலும் சட்டப்படி ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் இலங்கையில் பிரதமர் மீதும் அரசாங்கத்தின் மீதும் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவரலாம், ஜனாதிபதி மீது அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஜூலை 9 இல் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த பிறகுதான் 13 ஆம் திகதி அவர் மாலைதீவுக்குப் பறந்தார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்தது.

அதே ஜூலை 7 இல் இலண்டனில் போரிஸ் ஜோன்சன் விலகுவதாக அறிவித்தார். அங்கேயும் அமைச்சர்கள் வரிசையாக இராஜினாமா செய்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அமைச்சர்கள் போனதும் பிரதமருக்குக் கீழே நிலம் இல்லாமல் போய்விட்டது. கொழும்பில் அமைச்சரவை மொத்தமாகப் போனபோது ஜனாதிபதி அடுத்த நாளே புதிதாக நாலு பேரை நியமித்துவிட்டு இருந்தார். பிறகு லிஸ் ட்ரஸ் வந்தார். செப்டெம்பர் 23 இல் பெரிய வரிக் குறைப்பு அறிவிப்பு, சந்தை ஆடியது, ஒக்டோபர் 20 இல் விலகல் அறிவிப்பு, 25 இல் ரிஷி சுனக் பிரதமர். வரியைக் குறைத்துப் பொருளாதாரத்தை ஆட்டியவரை இறக்க அங்கே ஒரு மாதம் போதுமாக இருந்தது. இங்கே அதே வகையான தவறு இரண்டரை வருடம் ஓடியது. எரிபொருள் வரிசையில் நின்றே உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இதிலிருந்து பாராளுமன்ற முறைதான் நல்லது என்று உடனே எழுதிவிடாதீர்கள். பிரித்தானியர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: 2019 இல் ஒரே ஒரு தேர்தல், 2022 முடிவதற்குள் மூன்று பிரதமர்; சுனக்கை யார் தெரிந்தார்கள்? ஆளும் கட்சி உறுப்பினர்கள் அறைக்குள் கூடிப் பேசி நாட்டின் தலைவரை மாற்றுவது எல்லோருக்கும் இனிக்காது. ஜே.ஆருக்கு அது இனிக்கவில்லை. அவருடைய கதையைத் தெரியாமல் 1978 ஐ விளங்கிக்கொள்ள முடியாது.

1953 இல் அவர் நிதி அமைச்சர். அரிசி மானியத்தை வெட்டினார்கள். பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாகியது. ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது என்றால் நிலைமையைப் பாருங்கள். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க விலகினார். பிறகு 1960 மார்ச்சில் அதே டட்லி 50 ஆசனங்களோடு அரசாங்கம் அமைத்து, அரசாங்கத்தின் கொள்கையைச் சொல்லும் சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பிலேயே தோற்றார். 1964 டிசெம்பரில் ஆளும் கட்சியின் சி.பி. டி சில்வா தன் ஆட்களோடு கட்சி மாற, சிறிமாவோ அரசாங்கம் 74க்கு 73 என்று ஒரு வாக்கில் கவிழ்ந்தது. 1966 டிசெம்பரில் ஜே.ஆர். கொழும்பில் ஒரு கூட்டத்தில் தன் யோசனையை வெளியிட்டார்: நிறைவேற்று அதிகாரம் மக்களால் நேரடியாகத் தெரியப்பட வேண்டும், குறித்த காலத்துக்கு இருக்க வேண்டும், சட்டசபையின் சலனத்துக்கு ஆடக்கூடாது. கசப்பான மருந்தைக் கொடுக்கத் துணிந்த அரசாங்கம் வீதியிலும் சபையிலும் அடிவாங்கியதைப் பார்த்த மனிதரின் யோசனை அது என்றுதான் நான் நினைக்கிறேன். அவருடைய கட்சித் தலைவர் டட்லியே அதை ஏற்கவில்லை.

1977 இல் வழி திறந்தது. ஏறக்குறைய 51 சதவீத வாக்குக்கு ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 இல் 140 ஆசனங்கள் கிடைத்தன. சுதந்திரக் கட்சி சுமார் 30 சதவீதம் எடுத்து 8 ஆசனங்களில் நின்றது. 18 ஆசனங்களுடன் தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியாகி, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தொகுதி முறையின் கோளாறு இது. 1970 இல் இதன் மறுபக்கத்தை ஐ.தே.க. அனுபவித்திருந்தது. அப்போது சுதந்திரக் கட்சியைவிடச் சற்றுக் கூடுதலான வாக்கு எடுத்தும் அதற்கு 17 ஆசனங்கள், சுதந்திரக் கட்சிக்கு 91. அந்த 140ஐ வைத்து ஜே.ஆர். முதலில் இருந்த அரசியலமைப்பையே திருத்தி, 1978 பெப்ரவரி 4 இல் தேர்தல் இல்லாமலே ஜனாதிபதியானார். செப்டெம்பரில் புதிய அரசியலமைப்பு வந்தது. பாராளுமன்றமும் இடம் மாறியது. காலி முகத்திடலில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்தத் தூண் வரிசைக் கட்டடம் 1930 இலிருந்து சட்டசபைக் கட்டடம். 1982 இல் பாராளுமன்றம் கோட்டேயில் தியவன்னா ஓயாவின் நடுவே ஜெஃப்ரி பாவா கட்டிய மண்டபத்துக்குப் போனது. பழைய கட்டடம் ஜனாதிபதி செயலகமானது. 2022 போராட்டக்காரர் கூடாரம் அடித்தது அதன் வாசலில்தான். பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போது பாருங்கள், எங்கள் அரசியல் வரலாறு ஒரே கட்டடத்தில் எழுதியிருக்கிறது.

உறுதியான ஆட்சி வேண்டும் என்று கேட்டவருக்கு உறுதி கிடைத்தது. ஆனால் எதற்காக அந்த உறுதி பயன்பட்டது என்று கேட்க வேண்டாமா? 1956 இலிருந்து 1977 வரை ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் ஆட்சி கைமாறியது. பாராளுமன்ற முறை தள்ளாடியது என்கிறார்கள். மக்கள் பிடிக்காதவரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றும் சொல்லலாம். அதன் பிறகு ஒரே கட்சி 17 வருடம் இருந்தது. 1982 இல் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கையோடு, பொதுத் தேர்தலை நடத்தாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டலாமா என்று டிசெம்பர் 22 இல் சர்வசன வாக்கெடுப்பு நடத்தினார்கள். சரி என்றால் விளக்கு, இல்லை என்றால் பானை. விளக்கு வென்றது. 140 ஆசனம் கிடைத்த அதே பாராளுமன்றம் 1988 முடிவு வரை இருந்தது. அதற்கு முன்னரே தன் உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை ஜே.ஆர். வாங்கி வைத்துக்கொண்டார். சட்டசபையின் சலனத்துக்கு ஆடாத நிறைவேற்று அதிகாரம் வேண்டும் என்றவர், சட்டசபையே மூச்சுவிடாத ஏற்பாட்டைச் செய்துகொண்டார்.

ஸ்பானிய அறிஞர் யுவான் லின்ஸ் ஜனாதிபதி முறையைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கைகள் பிரபலம். ஜனாதிபதியும் மக்களிடம் ஆணை பெற்றவர், சட்டசபையும் பெற்றது, முட்டிக்கொண்டால் தீர்க்க ஆள் இல்லை, காலம் கல்லில் பொறித்தது போல, வென்றவருக்கே எல்லாம். 36 சதவீதத்தைச் சற்றுத் தாண்டிய வாக்கோடு 1970 இல் வந்த சிலியின் அயெந்தே, சட்டசபையோடு மூன்று வருடம் முட்டி, 1973 இல் இராணுவப் புரட்சியில் முடிந்ததை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். கொழும்பிலும் முட்டல் நடந்திருக்கிறது. 2003 நவம்பரில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க வாஷிங்டனில் இருந்தபோது, ஜனாதிபதி சந்திரிகா பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் மூன்று அமைச்சுகளையும் எடுத்துக்கொண்டார், அடுத்த பெப்ரவரியில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். சமாதான முயற்சி நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதால் அந்த முட்டலின் விலையைத் தமிழர் நன்றாகவே அறிவோம்.

2018 வேறு விதம். ஒக்டோபர் 26 இரவு மைத்திரிபால சிறிசேன ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்ததும் நவம்பர் 9 இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். சபைக்குள் மிளகாய்த் தூள் பறந்தது. டிசெம்பர் 13 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, பாராளுமன்றம் கூடி நாலரை வருடம் ஆவதற்குள் கலைத்தது சட்டவிரோதம் என்றார்கள். ரணில் திரும்பி வந்தார். இது எப்படி முடிந்தது? 2015 இல் வந்த 19 ஆவது திருத்தம் அந்த நாலரை வருட வரம்பைப் போட்டிருந்தது, பிரதமரை நினைத்தபடி நீக்கும் அதிகாரத்தையும் எடுத்திருந்தது. முறையின் பெயர் 2018 இலும் ஜனாதிபதி முறைதான். உள்ளே இருந்த ஒரு சில வரிகள்தான் நாட்டைக் காப்பாற்றின. 2020 இல் 20 ஆவது திருத்தம் அந்த வரிகளை அழித்தது. கலைப்பதற்கான வரம்பு இரண்டரை வருடமானது. 2022 ஒக்டோபரில் 21 ஆவது திருத்தம் சிலவற்றைத் திருப்பித் தந்தது, இரண்டரையை அப்படியே விட்டது.

இதே விடயம் தென் கொரியாவில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2024 டிசெம்பர் 3 இரவு ஜனாதிபதி யூன் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்தார். தேசிய சபை உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போய் வாக்களித்து, சில மணி நேரத்தில் அதை இல்லாமல் ஆக்கினார்கள். 14 ஆம் திகதி குற்றப் பிரேரணை நிறைவேறியது, 2025 ஏப்ரல் 4 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரை நீக்கியது. அதுவும் ஜனாதிபதி முறை நாடுதான். எங்கள் அரசியலமைப்பின் 38 ஆவது உறுப்புரையைப் பாருங்கள்: பிரேரணைக்கு மூன்றில் இரண்டு, பிறகு உயர் நீதிமன்ற விசாரணை, பிறகு மறுபடியும் மூன்றில் இரண்டு. 1991 இல் பிரேமதாசவுக்கு எதிராக லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் அந்தக் கதவைத் தட்டினார்கள். அவர் பாராளுமன்றக் கூட்டத்தொடரையே ஒத்திவைத்தார். கையெழுத்திட்டவர்கள் சிலர் பின்வாங்கினார்கள், பிரேரணை செத்தது, முன்னின்றவர்கள் கட்சியையும் ஆசனத்தையும் இழந்தார்கள். குற்றம் சாட்டப்படுபவரே நீதிமன்றக் கதவைப் பூட்டலாம் என்றால் அந்தக் கதவு எதற்கு?

இனி உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி. தமிழருக்கு எது நல்லது?

கொழும்பில் எங்கள் ஆட்களிடையே நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு: ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி, வெல்ல 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், சிங்கள வாக்கு இரண்டாகப் பிரிந்தால் எங்கள் வாக்கு தீர்மானிக்கும், ஆகவே இந்த முறை எங்களுக்குப் பாதுகாப்பு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2005 இல் மகிந்த வென்ற வித்தியாசம் சுமார் 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கு. புலிகளின் புறக்கணிப்பால் யாழ் மாவட்டத்தில் அன்று வாக்களித்தது 1.2 சதவீதம்தான். 2015 இல் வடக்கு கிழக்கும் மலையகமும் திரண்டு வாக்களித்தன, மகிந்த சுமார் நாலரை இலட்சம் வாக்கால் வீட்டுக்குப் போனார். பிரேமதாச 1988 இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப்பின் ஆதரவுக்காக, விகிதாசாரத் தேர்தலில் ஆசனம் பெறத் தேவையான குறைந்தபட்ச வாக்கை, அதாவது வெட்டுப்புள்ளியை, 12.5 சதவீதத்திலிருந்து 5 ஆக இறக்கச் சம்மதித்தார். இன்றுவரை சிறிய கட்சிகள் ஆசனம் எடுப்பதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் 2019 வந்து இந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டது. யாழ்ப்பாணம் 80 சதவீதத்துக்கு மேல் கோட்டாபயவை எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தது. கோட்டாபய 52.25 சதவீதத்தோடு தெற்கின் வாக்கிலேயே வென்றார். சிங்கள வாக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் எங்கள் துருப்புச் சீட்டுக்குப் பெறுமதி இல்லை. எப்போது சாயும் என்பதை நாங்கள் தீர்மானிப்பதும் இல்லை.

அப்படியானால் பாராளுமன்ற முறைக்குத் திரும்பினால் பேரம் பேசலாமே என்பார்கள். பேசிப் பார்த்தோமே! 1960 மார்ச்சில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது துருப்பு தமிழரசுக் கட்சியின் 15 ஆசனங்களிடம் இருந்தது. டட்லி அரசாங்கத்தைக் கவிழ்க்க அவர்கள் வாக்களித்தார்கள். ஜூலைத் தேர்தலில் சிறிமாவோ தனிப் பலத்தோடு வந்தார், 1961 ஜனவரியிலிருந்து சிங்களம் மட்டும் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது, கச்சேரி வாசல்களில் சத்தியாக்கிரகம், பிறகு அவசரகால நிலை. 1965 இல் டட்லி – செல்வநாயகம் உடன்படிக்கை, தேசிய அரசாங்கத்தில் திருச்செல்வம் அமைச்சர், உடன்படிக்கையில் சொன்ன மாவட்ட சபை வரவில்லை, 1968 இல் வெளியே வந்தாயிற்று. 1948 பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது பாராளுமன்ற முறையில்தான். சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக 29 ஆவது பிரிவு இருந்தது. அந்தக் காப்பு எதைத் தடுத்தது என்று சொல்லுங்கள் பார்ப்போம். 1972 இல் அதுவும் போனது.

இன்னொரு சங்கடமான உண்மையும் உண்டு. 1957 இல் பண்டா – செல்வா ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அதை எதிர்த்துக் கண்டிக்கு நடக்கத் தொடங்கியவர் ஜே.ஆர். இம்புல்கொடையில் மறித்தார்கள். அடுத்த ஏப்ரலில் பிக்குமார் பிரதமர் பண்டாரநாயக்கவின் றொஸ்மீட் பிளேஸ் வீட்டு முற்றத்தில் உட்கார, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். முப்பது வருடம் கழித்து அதே ஜே.ஆர். ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் செய்து மாகாண சபையைக் கொண்டுவந்தார். அவருடைய பிரதமர் பிரேமதாச எதிர்த்தார், கொழும்பு ஊரடங்கில் இருந்தது. ஆனாலும் 13 ஆவது திருத்தம் மூன்றில் இரண்டால் நிறைவேறியது. பிரதமராக இருந்திருந்தால் அந்த வாரமே கவிழ்ந்திருப்பார் என்று ஜனாதிபதி முறையை ஆதரிக்கும் தமிழர் சொல்வார்கள். ஓரளவு சரிதான். ஆனால் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதி போட்ட பிறகு நடந்த விடயம் அது என்பதை மறந்துவிட்டு முழுப் பெருமையையும் முறைக்குக் கொடுக்க முடியாது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோதும் அதே அசைக்க முடியாத ஜனாதிபதிதான் இருந்தார். தனிநாடு கேட்பதைத் தடைசெய்து அடுத்த மாதம் வந்த 6 ஆவது திருத்தத்தால் கூட்டணி உறுப்பினர்கள் பாராளுமன்றத்தை விட்டுப் போக நேர்ந்தது.

ஆகவே என் கருத்தைக் கேட்டால், நிறைவேற்று ஜனாதிபதி முறை போக வேண்டும். காரணம், ஒருவர் செய்யும் தவறை நடுவழியில் நிறுத்த அதில் வழி இல்லை. 2022 அதைக் காட்டிவிட்டது. ஆனால் அது தமிழர் பிரச்சினைக்குத் தீர்வு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வேறு கணக்கு.

போகும் என்ற நம்பிக்கை எவ்வளவு என்று கேட்டால் அதுவும் வேறு கதை. சந்திரிகா 1994 இல் 62 சதவீத வாக்கு வாங்கியபோது, 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பதாகச் சொல்லியிருந்தார். 2000 ஓகஸ்டில் புதிய அரசியலமைப்பு வரைவு சபைக்கு வந்தது. அதிகாரப் பகிர்வும் இருந்தது, ஜனாதிபதி முறை ஒழிப்பும் இருந்தது. ஆனால் தன் மீதிக் காலத்துக்கு அதிகாரத்தை வைத்துக்கொள்ள ஒரு இடைக்கால ஏற்பாடும் இருந்தது. எதிர்க்கட்சி சபையிலேயே பிரதிகளைக் கொளுத்தியது. அந்த வரைவின் அடித்தளத்தில் உழைத்த நீலன் திருச்செல்வம் அதற்கு முந்தைய வருடமே கொழும்பு வீதியில் கொல்லப்பட்டிருந்தார். மைத்திரிபாலவும் ஒழிப்பதாகச் சொன்னார். அதிகாரம் குறைந்தது, பதவி நின்றது. 2024 இல் தேசிய மக்கள் சக்தியின் விஞ்ஞாபனத்திலும் இந்த வாக்குறுதி இருக்கிறது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது கசக்கும் பதவி, உட்கார்ந்த பிறகு யாருக்கும் அவ்வளவு கசப்பதில்லை.

2024 செப்டெம்பரில் நடந்தது பாடமாகப் படிக்க வேண்டியது. அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதம். யாரும் பாதியைத் தாண்டாததால் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். பாராளுமன்றத்தில் அவருடைய கட்சிக்கு இருந்தது மூன்றே மூன்று ஆசனம். பாராளுமன்ற முறையாக இருந்தால் அவரால் ஆட்சி அமைத்திருக்கவே முடியாது. இங்கே மூன்று பேர் கொண்ட அமைச்சரவையை அமைத்து, சபையைக் கலைத்து, நவம்பர் 14 இல் 225 இல் 159 ஆசனங்களோடு வந்தார். வெளியிலிருந்து ஒருவர் வந்து பழைய வீட்டைக் கூட்டித் துடைக்க இந்த முறை இடம் கொடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. அதே கதவால் யாரும் வரலாம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2019 இல் கோட்டாபய வரும்போது பாராளுமன்றத்தில் ஒரு நாள்கூட இருந்தவர் இல்லை.

ஒழிப்பது என்று உண்மையிலேயே தொடங்கினால், சட்டப்படி மூன்றில் இரண்டும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். 2015 இல் 19 ஆவது திருத்த வரைவில் இருந்த, உயர் நீதிமன்றம் பிரதமரை அமைச்சரவையின் தலைவராக்கும் வாசகங்களுக்கு வாக்கெடுப்பு வேண்டும் என்றதால்தான் அவற்றை அன்று விட்டார்கள். வெறுமனே ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பிரதமரிடம் தூக்கிக் கொடுத்தாலும் போதாது. ஜேர்மனியில் சான்சலரைக் கவிழ்க்க விரும்புபவர்கள் அடுத்தவர் யார் என்று அதே வாக்கெடுப்பில் காட்ட வேண்டும். 1982 இல் ஷ்மிட் போய் கோல் வந்தது அப்படித்தான். ஜே.ஆர். பயந்த அந்தத் தள்ளாட்டத்துக்கு மருந்து அங்கே இருக்கிறது. கட்சி தாவலுக்கும் ஏதாவது செய்ய வேண்டும்.

ஆனால் தெற்கில் உள்ள தேசியவாதிகள் ஒழிப்பை எதிர்ப்பது இவற்றுக்காக அல்ல. மாகாண சபைகளை இருக்கவிட்டு நிறைவேற்று ஜனாதிபதியை எடுத்தால் நாட்டை இறுக்கிப் பிடிக்கும் கை போய்விடும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் கவலையைத் தலைகீழாகப் பிடித்தால் எங்கள் வேலை தெரியும். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் சட்டப்படி ஆளுநரிடம் இருக்கிறது. ஆளுநரை நியமிப்பவரும் ஜனாதிபதி, வைத்திருப்பவரும் அவர். 2013 செப்டெம்பரில் வடக்கில் 38 இல் 30 ஆசனம் வென்று விக்னேஸ்வரன் முதலமைச்சரானபோது, எதிரே ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது, அதன் பிறகு வருடக்கணக்கில் ஆளுநர் மட்டும்தான். ஜனாதிபதி பெயரளவுக்கு ஆனால் இந்த அதிகாரம் யாரிடம் போகும்? பிரதமரிடம் போனால், கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி மாளிகையிலிருந்து வந்த கட்டளை பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து வரும், அவ்வளவுதான். அதனால் புதிய வரைவு ஒன்று வந்தால், ஜனாதிபதி பற்றிய அத்தியாயத்துக்கு முன் நான் 154ஆ உறுப்புரையைத்தான் திறந்து பார்ப்பேன்: ஆளுநரை நியமிக்க முதலமைச்சரின் சம்மதம் வேண்டுமா, ஆளுநர் தன் விருப்பத்துக்கு நடக்க விடப்பட்டிருக்கிறாரா, சபையின் காலம் முடிந்தால் இத்தனை நாளுக்குள் தேர்தல் என்று எழுதியிருக்கிறதா என்று.